பேய்க்கதையின் கடைசி வாரம்

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறுவனங்களை, இயக்குநர்களை, விளம்பரதாரர்களை எழுதுகிறார்கள். பார்த்தவர்கள் போட்ட சண்டையை யாரும் எழுதுவதில்லை. எனக்கென்னவோ அந்தச் சண்டைதான் எழுதப்பட வேண்டிய வரலாறு என்று படுகிறது.

1997-98இல் சன் தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை வந்த 'விடாது கருப்பு' தொடரை எடுத்துக்கொள்வோம். கதை இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா, தயாரிப்பு கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள். கிராமத்தில் தப்புச் செய்கிறவர்கள் சாகிறார்கள். குதிரையில் வருவது கருப்பசாமியா மனுசனா என்பதுதான் வாராவாரம் தொங்கவிடப்பட்ட கேள்வி. கடைசியில் பதில் உளமருத்துவத்திலிருந்து வந்தது. பிளவுபட்ட ஆளுமை என்றார்கள். சாமி இருந்த இடத்தில் ஒரு நோயாளி.

இந்த முடிவு ரெண்டு கட்சிகளை உண்டாக்கியது. "இத்தனை வாரம் பயந்தது ஒரு டாக்டர் சீட்டுக்குத்தானா?" என்று கேட்பவர்கள் ஒரு கட்சி. "பின்ன என்ன, சாமி வந்து வெட்டீட்டுப் போச்சுன்னு முடிக்கச் சொல்லுதியளா?" என்று திருப்பிக் கேட்பவர்கள் மற்றது. நாகர்கோவில் பக்கம் நடுவயசுக்காரர்களிடம் இன்றைக்குப் பேச்சை எடுத்தாலும் இந்த வழக்கு மறுபடி உயிர்பெறுவதைப் பார்த்திருக்கிறேன்.

விநோதப் புனைவைப் பற்றி 1970இல் பிரெஞ்சில் நூல் எழுதிய தோதோரோவ் இதற்கு ஒரு சட்டகம் தருகிறார். நடந்தது இயற்கைக்கு உட்பட்டதா, அப்பாற்பட்டதா என்று வாசகன் தயங்கும்வரைதான் விநோதத்துக்கு ஆயுள். எந்தப் பக்கம் விடை விழுந்தாலும் அது செத்துப்போகிறது. தொடர் என்பது இந்தத் தயக்கத்தைத் தவணையில் விற்கிற தொழில். ஆகவே கடைசி வாரம் ஏமாற்றத்தான் செய்யும் என்று சொல்லிக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் இது வடிவத்தைப் பற்றிய விடை மட்டுமே. பேய்க்கதையின் முடிவைப் பற்றிச் சண்டைபோடும் வழக்கம் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்பே தெற்கில் இருந்தது.

நாஞ்சில் நாட்டுக் கொடைகளில் வில்லுப்பாட்டுக் கேட்க உட்கார்ந்திருப்பவருக்கு முடிவு முன்பே தெரியும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தப் பகுதியின் வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட நூலில் ஒன்றைக் கவனப்படுத்துகிறார். கதையில் கொடுஞ்சாவு பாடப்படும் கட்டத்தில்தான் நிகழ்த்துதல் உச்சம் கொள்கிறது, ஆடுகிறவர்மேல் சாமி இறங்குகிறது. ஆக அங்கே 'அடுத்து என்ன' என்ற கேள்வியே கிடையாது. சாமி வந்ததா, சரியாகப் பாடினாரா என்பதுதான் கேள்வி. உண்மையா பொய்யா என்ற தயக்கம் இல்லாத இடத்திலும் சண்டை உண்டு என்பதுதான் முக்கியம். செத்தவர் யார், எந்தச் சாதி, பழி யார்மேல் என்பதில் அந்தச் சண்டை.

முத்துப்பட்டன் கதை நல்ல உதாரணம். பிராமணனான பட்டன் சக்கிலியப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கொள்கிறான். மாடு காக்கப் போய்க் கொலைப்படுகிறான். பெண்கள் தீப்பாய்கிறார்கள். சில பாடங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்து எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று வருகிறது. இது பின்னால் புகுத்தப்பட்டது என்று கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை வாதிட்டார். கதையைத் தாங்கிக்கொள்ள முடியாத யாரோ, கதையில் கைவைத்திருக்கிறார்கள். இதையும் ரசிகர் தலையீடு என்றுதான் நான் சொல்வேன். கேட்போர் என்றால் ஒற்றைக் கூட்டம் கிடையாது. அவர்களுக்குள் கை ஓங்கியவர், தாழ்ந்தவர் உண்டு.

கள்ளியங்காட்டு நீலிக்கு நேர்ந்தது இன்னொரு வகை. தெற்கே பாடப்படும் வடிவத்தில், நகைக்காகக் காட்டில் கொல்லப்பட்ட தாசி அவள். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடிதான் சாட்சி. மறுபிறப்பில் கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகனாகப் பிறந்திருக்கும் கொலைகாரனைப் புருசன் என்று சொல்லி ஊர்ச்சபையில் வழக்காடுகிறாள். சபை அவளை நம்பி அவனை ஒப்படைக்கிறது. விடிந்தால் பிணம். அவள் ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தலில் இசக்கியாக உட்கார்ந்துவிடுகிறாள்.

மேற்கே போனால் முடிவு மாறிவிடுகிறது. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் தொகுத்து வெளியிட்ட 'ஐதிஹ்யமாலா'வில், பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட வழியில் திரிந்த யட்சியைக் கடமற்றத்துக் கத்தனார் இரும்பாணி அடித்து அடக்குகிறார். அந்த யட்சியைத்தான் மக்கள் வழக்கு கள்ளியங்காட்டு நீலி என்கிறது. 2004இல் ஏஷியாநெட்டில் கத்தனார் கதை தொடராக வந்தது. 1956இல் எல்லை பிரிந்தாலும் குமரி மாவட்டத்து வீடுகளுக்கு ரெண்டு மொழிச் சானல்களும் வந்துகொண்டிருந்தன. வருசாவருசம் இசக்கிக்குப் பொங்கலிடுகிற வீட்டில் அவள் தலையில் ஆணி இறங்குவதைப் பார்த்தார்கள். "நம்ம நீலிய ஒரு ஆணி என்ன செய்யும்?" என்று ஒரு பாட்டி முறைப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். அவர் கேட்டது நம்பிக்கை பற்றிய கேள்வியா? எனக்கு அது உரிமை பற்றிய கேள்வியாகத் தோன்றுகிறது. 2025இல் வந்த 'லோகா' மலையாளப் படம் அதே நீலியைச் சாகச நாயகியாக்கியது. ஆணி அடித்த மொழியே ஆணியைப் பிடுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நோயாளி, கைதி, நாயகி, தெய்வம் என்று ஒவ்வொரு முடிவும் செத்தவரின் வழக்கைத் தீர்த்துவைக்கும் ஒரு முறை. 'விடாது கருப்பு' முடிவைப் பகுத்தறிவின் வெற்றி என்று கொண்டாடுகிற தோழர்களிடம் எனக்குள்ள பிணக்கு இங்கேதான். கொன்றது யார் என்ற கேள்விக்கு டாக்டர் பதில் சொல்லிவிட்டார். செத்தவர்கள் என்ன செய்திருந்தார்கள், ஊர் ஏன் அதைத் தட்டிக் கேட்கவில்லை என்ற கேள்வி அந்தப் பதிலுக்குள் அமுங்கிப்போனது. குற்றச்சாட்டு போய் நோய்க்குறிப்பு வந்தது. தெய்வமாக்குவது மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. கொன்றவன் வம்சமே பயந்து பீடம் எழுப்பிக் கும்பிட்டுக் கணக்கை முடித்துக்கொண்ட கதைகள் தெற்கில் நிறைய.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. கொடையில் ஒவ்வொரு முறையும் அந்தக் கொலை முதலிலிருந்து பாடப்படுகிறது. யார், எங்கே வைத்து, எதற்காக என்று ஊர் கூடி உட்கார்ந்து கேட்டாக வேண்டும். தொடரோ ஒரு தேதியில் முடிந்து அடுத்த வாரம் வேறொன்று அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கப்புறமும் முடிவை ஒத்துக்கொள்ளாமல் டீக்கடையில் மல்லுக்கட்டுகிறவர்களை வேலையத்தவர்கள் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆணவக் கொலை வழக்குகள் சமரசத்திலும் சாட்சி பிறழ்விலும் மூடப்படுகிற ஊர்களில், மூடின கதையைத் திரும்பத் திறக்கிற பழக்கம் அவர்களிடம்தான் மிச்சமிருக்கிறது. அவர்கள் பேசுவதை யாராவது பதிவுசெய்ய வேண்டாமா?