நேர்ப் பின்னூட்டப் பெருக்கிகளின் ஸ்திரத்தன்மை

பெருக்கிச் சுற்றின் வெளியீட்டில் ஒரு பகுதி, உள்ளீட்டுச் சமிக்ஞையோடு ஒத்த கட்டத்தில் திரும்பிச் சேர்ந்து அதை வலுப்படுத்துமாயின், அது நேர்ப் பின்னூட்டம் எனப்படும். பெருக்கத்தையும் திரும்பும் பின்னத்தையும் பெருக்கிவரும் வளையப் பெருக்கம் ஒன்றுக்குக் குறைவாக இருக்கும்வரை சுற்று ஸ்திரமாக இயங்கும். ஒன்றை எட்டியதும், உள்ளீடு ஏதுமின்றியே அலைவுறத் தொடங்கும். இந்த அலைவு நிபந்தனையை 1921-இல் பார்க்ஹவுசனும், பொதுவான ஸ்திர விதியை 1932-இல் நைக்விஸ்டும் வகுத்தனர்.

ஒன்றிலிருந்து வளையப் பெருக்கத்தைக் கழித்த மீதியால் பெருக்கத்தை வகுத்தால் சுற்றின் மொத்தப் பெருக்கம் கிடைக்கும். பெருக்கம் 10, பின்னம் 0.09 எனில் மொத்தப் பெருக்கம் 100; மின்னழுத்த மாறுதலால் அந்தப் பத்து பதினொன்றானாலோ மொத்தம் 1100 ஆகிவிடும். ஆம்ஸ்ட்ராங் 1914-இல் காப்புரிமை பெற்ற வானொலி வாங்கி, ஒரே வால்வில் மிகுந்த பெருக்கம் பெற்றதும், சற்று மிஞ்சினால் ஊளையிட்டதும் இக்காரணத்தாலேயே.

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களின் ஆலயத் திருவிழாக்களில், கூம்பு ஒலிபெருக்கியின் எதிரே ஒலிவாங்கி வைக்கப்படும்போது எழும் வீறிடலும் இத்தத்துவத்தின் பிரத்தியட்சமான விளைவே. டேனிஷ் விஞ்ஞானி லார்சனின் பெயரால் அது வழங்குகிறது. இடைவெளி 3.4 மீட்டர் எனில் ஒலி அதைக் கடக்க நொடியில் நூறிலொரு பங்கு ஆவதால், ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் இடைவெளிகளில் அமைந்த அதிர்வெண்கள் ஒத்த கட்டத்தில் திரும்புகின்றன. அவற்றுள் வளையப் பெருக்கம் மிகுந்ததே முதலில் அலறும். கூம்பைக் கூட்டத்தின்பால் திருப்புதல், ஒலிவாங்கியை வாயருகே கொணர்தல், அவ்வதிர்வெண்ணைத் தணித்தல் ஆகிய மூன்றும் வழக்கமான பரிகாரங்களாகும்.