வெறுங்காயம் அன்று, வெங்காயம்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து தாம்பூலம் போடும் நேரம். மேடைப்பேச்சில் பழகிய ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார்: ‘காயம் என்றால் உடம்பு. உரிக்க உரிக்க உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் காயம், அதுதான் வெங்காயம்.’ சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எத்தனை இடத்தில்தான் இதைக் கேட்பது?

வெறுமை கையோடு சேர்ந்தால் வெறுங்கை. காயத்தோடு சேர்ந்தால் வெறுங்காயம். இடையில் நிற்கும் ‘று’ தானாக உதிராது. வெம்மை கதிரோடு சேர்ந்து வெங்கதிர் ஆவதைப் போலத்தான் காயத்தோடு சேர்ந்து வெங்காயம் ஆயிற்று. காயம் உடம்பு என்று கொண்டால் பெருங்காயத்துக்குப் பொருளே கிடைக்காது. கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி, பெருங்காயம் ஐந்தையும் சேர்த்து ஐங்காயம் என்பார்கள், அதற்கும் கிடைக்காது.

உடம்புக் கதைக்கு ஆதாரமாகக் காளமேகம் பெயரில் வழங்கும் வெண்பாவைக் காட்டுவார்கள். வெங்காயம், வெந்தயம், சீரகம், பெருங்காயம் என்று மளிகைக் கடையையே ஏரகத்துச் செட்டியாரிடம் விரித்த பாட்டு அது. அருமையான சிலேடை. ஆனால் சிலேடைக்கு இரண்டு வேறு பொருள்கள் வேண்டும். வடசொல்லான காயம் உடம்பு. சமையற்கட்டுக் காயம் வேறு. அந்தப் பாட்டு நிரூபிப்பது இதைத்தான்.

அடுப்படிக் காயம் உறைப்பு. ஆழ் என்பதிலிருந்து ஆழம், நீள் என்பதிலிருந்து நீளம், காய் என்பதிலிருந்து காயம். காய்தல் என்றால் சுடுதல், எரித்தல். ‘எண்ணெய் காய்ந்துவிட்டதா பார்’ என்று இன்றும் சொல்கிறோமே, அதே காய்தான். நாக்கைச் சுடுவது காயம். சிலம்பின் காடுகாண் காதையில் சிறுமலை வளத்தைச் சொல்லும் இடத்தில் மஞ்சளுக்குப் பக்கத்திலேயே காயம் விளைகிறது. அந்தக் காயத்துக்கு உள்ளி என்பது உரை. மலையில் விளைவது உடம்பாகாது.

யாழ்ப்பாணத்தார் வெண்காயம் என்று எழுதுவதைக் காட்டி, வெள்ளைக் காயம் என்பாரும் உண்டு. வெண்மை பூண்டுக்குப் பொருந்தும். சிவந்த சின்ன வெங்காயத்துக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் பின்பாதி உறைப்புத்தான்.

பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பெயர் விளங்கும். முழு வெங்காயத்துக்கு நெடி கிடையாது. கத்தி பட்டு உள்ளறைகள் உடையும்போதுதான், தனித்தனியே இருந்த நொதியும் கந்தகச் சேர்மமும் கலந்து கண்ணைக் கரிக்கின்றன. நொதி சூட்டில் செத்துவிடும். அதனால்தான் முழுதாக வதக்கிச் சாம்பாரில் போட்ட சின்ன வெங்காயம் இனிக்கிறது. பொடியாக அரிந்து தயிர்ப் பச்சடியில் போட்டது உறைக்கிறது. உறைப்பு வேண்டுமா, இனிப்பு வேண்டுமா என்று தீர்மானித்துவிட்டுக் கத்தியை எடுக்க வேண்டும்.

பெருங்காயமோ ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால். வடமொழியில் ஹிங்கு, தெலுங்கில் இங்குவ, கன்னடத்தில் இங்கு. தமிழும் மலையாளமும் மட்டும் வந்த சரக்கின் பெயரைத் தள்ளிவிட்டுத் தம் சொல்லைச் சூட்டின. மலையாளத்தில் வெறுமனே காயம் என்றாலே அதுதான். போர்த்துக்கீசியரோடு வந்த புதுக் காய்க்கு மிளகாய் என்று பெயர் வைத்த அதே நாக்கு இது. உறைப்பைத் தொட்டே பெயர் வைக்கும். டப்பாவில் விற்கும் பெருங்காயத் தூளில் பிசினும் மாவும் கலந்திருக்கும். கோதுமை ஆகாதவர்கள் சீட்டைப் படித்து வாங்குவது நல்லது. கட்டியோ தூளோ, எண்ணெய் காய்ந்ததும் முதலில் விழ வேண்டும். அதன் மணம் எண்ணெயில்தான் இறங்கும். கொதிக்கும் குழம்பில் கடைசியில் தூவினால் பச்சை நெடி போகாது.

பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கும் மருந்துக்கும் காயம் என்று பெயர் உண்டு. உடம்புக்கான மருந்து என்பதால் வந்த பெயர் என்று அதையும் சொல்லக் கிளம்புவார்கள். அந்த உருண்டையில் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். அதுவும் காய்கிற காயம்தான். எனக்கு அதில் ஐயமே இல்லை.