நாய்களுக்கு எலும்பு அளித்தல்

நாய்களுக்கு எலும்பு அளித்தல் என்பது ஆடு, மாடு, கோழி, மீன் முதலியவற்றின் எலும்புகளை வளர்ப்பு நாய்களுக்கு உணவாகவோ மெல்லும் பொருளாகவோ கொடுக்கும் வழக்கத்தைக் குறிக்கும். இது உலகின் பல பகுதிகளில் தொன்றுதொட்டு இருந்துவரும் வழக்கம் ஆகும். எனினும் எலும்பின் வகை, அளவு, சமைக்கப்பட்ட விதம் ஆகியவற்றைப் பொறுத்து இது நாயின் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். தமிழ்நாட்டின் இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைப் பகுதியில் இறைச்சி எலும்புகளுடன் மீன் முட்களும் மீன் கழிவுகளும் நாய்களுக்கு உணவாவதால், அங்கு இவ்வழக்கம் சில தனி இடர்களையும் கொண்டுள்ளது.

எலும்பின் அமைப்பும் செரிமானமும்

எலும்பு கால்சியம், பாசுபரசு ஆகியவற்றாலான கனிமப் பகுதியையும் கொலாசன் என்னும் புரத இழைகளையும் நீரையும் கொண்டது. கனிமம் எலும்புக்கு வன்மையையும், கொலாசன் நெகிழ்வையும் தருகின்றன. பச்சை எலும்பு கடிக்கப்படும்போது ஓரளவு வளைந்து நசுங்குகிறது. வேகவைக்கும்போதும் வறுக்கும்போதும் கொலாசன் சிதைந்து நீரும் குறைவதால் எலும்பு நொறுங்கும் தன்மை பெற்று, கூரிய சிம்புகளாக உடைகிறது. சமைத்த எலும்பு பச்சை எலும்பைவிடப் பேராபத்தானது எனக் கூறப்படுவதற்கு இதுவே காரணம்.

நாயின் இரைப்பை அமிலம் மிகுந்த வீரியம் உடையது. சிறிய எலும்புத் துண்டுகளை அது கரைத்துவிடும். ஆனால் பெரிய துண்டுகள் கரைவதற்குக் காலம் எடுப்பதால், அதற்குள் அவை உணவுக்குழாயிலோ குடலிலோ சிக்கிக்கொள்ளலாம்.

நாய்க்கு எலும்பு இன்றியமையாததா?

எலும்பு இல்லாவிட்டால் நாய் நலமாக வாழாது என்பது பரவலான நம்பிக்கை. நாய்கள் மனிதருடன் வாழத் தொடங்கிய காலத்தில் மாப்பொருளைச் செரிக்கும் திறனைக் கூடுதலாகப் பெற்றன என்பதை 2013-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே சோறும் போதிய புரதமும் கனிமங்களும் கொண்ட உணவில் நாய் நன்கு வாழும். அதே வேளையில் எலும்போ வேறு கால்சியம் மூலமோ இன்றி வெறும் இறைச்சியை மட்டும் உண்ணும் குட்டிகளுக்குக் கால்சியம் குறைந்து எலும்புகள் மெலிகின்றன. தேவைப்படுவது கால்சியமே. அதை மருத்துவர் பரிந்துரைக்கும் அளவில் வேறு வழிகளிலும் அளிக்கலாம்.

ஆதரவும் எதிர்ப்பும்

ஆத்திரேலியக் கால்நடை மருத்துவர்களான இயன் பில்லிங்கர்சுட்டு (1993), டாம் லான்சுடேல் (2001) ஆகியோர் தம் நூல்களில் பச்சை எலும்பு உணவை வலியுறுத்தினர். பச்சை மாட்டெலும்பை மென்ற பீகிள் இன நாய்களின் பற்காரை குறைந்ததாக 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது.

மறுபுறம், அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-ல் பச்சை இறைச்சி உணவைத் தவிர்க்கும்படி கொள்கை வெளியிட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2010-ல் எலும்புகள் நாய்களுக்குப் பாதுகாப்பானவை அல்ல என எச்சரித்தது. கடைகளில் விற்கப்படும், பதப்படுத்திய எலும்புத் தின்பண்டங்கள் தொடர்பாக 2010 நவம்பர் முதல் 2017 செப்டம்பர் வரை ஏறத்தாழ 68 நோய்ப் புகார்கள் வந்ததாகவும், ஏறத்தாழ 15 நாய்கள் இறந்ததாகவும் அது அறிவித்தது.

பொதுவான இடர்கள்

* பல் உடைதல்: வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் உண்டு. மாட்டின் கால் எலும்பு போன்ற வன்மையான எலும்புகளைக் கடிக்கும்போது மேல்தாடையின் பெரிய வெட்டும் பல் பிளவுபடலாம்.
* தொண்டை அல்லது உணவுக்குழாய் அடைப்பு: எச்சில் வடிதல், மீண்டும் மீண்டும் விழுங்க முயலுதல், உண்டதைக் கக்குதல் ஆகியன இதன் அறிகுறிகள்.
* குடல் துளைபடல்: கூரிய சிம்பு குடலைத் துளைத்தால் வயிற்று உள்ளுறையில் அழற்சி ஏற்பட்டு நாய் இறக்கக்கூடும்.
* மலச்சிக்கல்: மிகுதியாக எலும்பு உண்ட நாயின் மலம் வெண்மையாகவும் சுண்ணாம்பு போல் இறுகியும் காணப்படும்.
* கணைய அழற்சி: கொழுப்பு மிகுந்த மச்சையால் சில நாய்களுக்கு இது ஏற்படலாம்.
* நோய்த்தொற்று: பச்சை எலும்பிலுள்ள சால்மொனெல்லா போன்ற நுண்ணுயிரிகள் நாய்க்கும் வீட்டாருக்கும் பரவலாம். உறைய வைப்பதால் இவை முற்றிலும் அழிவதில்லை. ஆட்டின் ஈரல், நுரையீரல் போன்ற பச்சை உள்ளுறுப்புகளை உண்ணும் நாய்கள் வழியே மனிதருக்கு நீர்க்கட்டி நோய் பரவக்கூடும்.

குழம்பு, பிரியாணி ஆகியவற்றிலிருந்து எஞ்சும் எலும்புகளில் இரு தீங்குகள் சேர்ந்துள்ளன. அவை வெந்து நொறுங்கும் தன்மை பெற்றவை. மேலும் அவற்றில் ஒட்டியிருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கக்கூடும்.

இராமநாதபுரம் கடற்கரையில்

இம்மாவட்டத்தில் மண்டை நாய் எனப்படும் பருத்த தலையுடைய நாட்டு நாய் காவலுக்காக வளர்க்கப்படுகிறது. உடல்வலு மிக்க நாயாயினும் மேற்கூறிய இடர்களுக்கு அது விலக்கு அன்று. பாம்பன், மண்டபம், இராமேசுவரம் ஆகிய மீன்பிடி ஊர்களில் கவனிக்க வேண்டியவை:

* காரல், சூடை, சாளை: இச்சிறு மீன்களின் முட்கள் மெல்லியவை. எனினும் அவை ஈறு, நாக்கு, தொண்டை ஆகியவற்றில் தைக்கலாம். சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து அளித்தால் அவற்றிலுள்ள நொதி ஒன்று பி1 உயிர்ச்சத்தை அழிக்கும். வேகவைத்தால் அந்நொதி செயலிழக்கும். குக்கரில் நெடுநேரம் வேகவைத்து, விரலால் நசுக்கினால் மாவாகும் நிலையில் அளிப்பது ஏற்றது.
* கெளுத்தி: இதன் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் அரம் போன்ற முட்கள் உள்ளன. தலையையும் துடுப்புகளையும் நாய்க்கு எட்டும் இடத்தில் எறியக் கூடாது.
* திருக்கை, சுறா: இவற்றின் உடற்கூடு எலும்பால் அன்றிக் குருத்தெலும்பால் ஆனது. ஆனால் கொட்டும் திருக்கையின் வால் முள் நஞ்சுடையது.
* பேத்தை: இதன் ஈரல், சினைப்பை, தோல் ஆகியவற்றில் டெட்ரோடோடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கலாம். சமைத்தாலும் இது அழிவதில்லை. இதற்கு மாற்று மருந்து இல்லை.
* கருவாடு: இதன் மிகுதியான உப்பு நாய்க்குத் தீங்கானது.
* தூண்டில் முள்: மீன் தலையுடன் தூண்டில் முள்ளையும் நாய் விழுங்கலாம். வாயிலிருந்து தொங்கும் நரம்பை இழுத்தால் முள் ஆழமாகத் தைத்துவிடும்.

எலும்பு அளிப்பவர் கடைப்பிடிக்க வேண்டியவை

எலும்பைத் தவிர்ப்பதே இடரற்ற வழி. அளிக்க முடிவு செய்தால் கீழ்க்காண்பவை இடரைக் குறைக்கும்.

# சமைத்த எலும்பு எதையும், குறிப்பாகக் கோழி எலும்பை, அளிக்கக் கூடாது.
# முழுதாக விழுங்க இயலாதவாறு, நாயின் முகவாயைவிடப் பெரிய, சதை ஒட்டிய பச்சை எலும்பாக இருத்தல் வேண்டும். சிறு துண்டுகளாக வெட்டியதும் வளையமாக அறுத்ததும் ஆகாது.
# நாய் மெல்லும்போது ஒருவர் அருகில் இருக்க வேண்டும். 10 முதல் 15 நிமிடங்களில், அல்லது எலும்பு சிறுத்தவுடன், வேறு உணவு காட்டி அதை அகற்ற வேண்டும்.
# பல நாய்கள் இருப்பின் தனித்தனியே அளிக்க வேண்டும். எலும்பு கடிக்கும் நாயிடம் குழந்தைகளை விடக் கூடாது. அமைதியான நாயும் அப்போது கடிக்கலாம். கடிபட்டால் காயத்தைச் சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.
# குட்டிகள், பல் நோயுற்றவை, எலும்பை மெல்லாது விழுங்கும் வழக்கமுடையவை ஆகிய நாய்களுக்கு எலும்பு ஏற்றதன்று.
# எலும்பைத் தொட்ட கையையும் நாய் மென்ற இடத்தையும் கழுவ வேண்டும்.

மாற்றாக, உப்பும் வெங்காயமும் சேர்க்காத எலும்புச் சாற்றை நன்கு வடிகட்டிச் சோற்றுடன் அளிக்கலாம்.

அவசர நிலை

மூச்சுத் திணறல், தொடர் வாந்தி, இரத்தம் கலந்த மலம், வயிறு இறுகுதல், உணவை மறுத்தல் ஆகியன காணப்பட்டால் உடனே கால்நடை மருத்துவரை நாட வேண்டும். கூரிய எலும்பை விழுங்கிய நாயை வீட்டில் வாந்தி எடுக்கச் செய்வது தவறு. எலும்பு மேலேறும்போது உணவுக்குழாயைக் கிழிக்கக்கூடும். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் சாலைவழி ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவிலும் மதுரை ஏறத்தாழ 170 கி.மீ. தொலைவிலும் உள்ளன. ஊடுகதிர்ப் படமோ அறுவை மருத்துவமோ தேவைப்படின் பயணத்திற்கே பல மணி நேரம் ஆகலாம் என்பதால், தீவில் நாய் வளர்ப்போர் அறிகுறி தோன்றிய உடனே புறப்படுதல் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

* நாய்
* இராசபாளையம் நாய்
* சிப்பிப்பாறை நாய்
* வெறிநாய்க்கடி நோய்
* மன்னார் வளைகுடா