இரணைமடுச் சந்தியில் ஒரு கராஜ்

வடமாகாண முஸ்லிம்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் வணிகர்கள் இருக்கிறார்கள். ஆலிம்கள், புலவர்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கையில் கிறீஸ் பட்டவர்களைத் தேடினால் ஓரிரு வரிகள்தான் கிடைக்கும். நான் வாகன ஏ.சி. திருத்துகிறவன். என் தொழில் வழியாகத் தெரியவந்த ஒரு சிறு வரலாற்றை இங்கே பதிந்து வைக்கிறேன்.

என் வாப்பா யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்த டீசல் மெக்கானிக். 1970களின் கடைசியில் இரணைமடுச் சந்திக்கு வந்து, ஏ9 வீதியோரம் ஒரு வாடகைக் கொட்டிலில் கராஜ் போட்டார். 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடிக்கப்பட்ட குளத்தை நம்பி வயல்கள், வயல்களை நம்பி லொறிகளும் ட்ரக்டர்களும், அவற்றை நம்பி வாப்பா. 1977க்குப் பிறகு இறக்குமதி தாராளமானதும் ஜப்பானில் பாவித்த வான்கள் வன்னிக்கும் வந்தன. அவற்றில் ஏ.சி. இருந்தது.

வாப்பாவுக்குக் காஸ் வேலை தெரியாது. ஆனால் ஏ.சி. கொம்பிறசரைத் தாங்கும் பிறக்கற் கிடங்கு வீதியில் அதிர்ந்து வெடித்தால் அவரிடந்தான் வருவார்கள். லொறிச் சட்டத்து இரும்பை வெட்டி, வெல்டிங் வைத்து, புதிதாகச் செய்து கொடுப்பார். மூலையில் உளியால் 786 என்று பொறிப்பார். "செஞ்ச வேலைக்கு நாமதான் பொறுப்பு மகன், அடையாளம் இருக்கோணும்" என்பார்.

வாகன ஏ.சி.யின் கதை அமெரிக்காவில் தொடங்கியது. பெக்கார்ட் நிறுவனம் 1939இல் அதைக் காரில் பொருத்திக் காட்டியது. குளிரை நிறுத்துவதென்றால் காரை நிறுத்தி, இறங்கி, கொம்பிறசர் பெல்ற்றைக் கழற்ற வேண்டும். பின்னாளில் கார்களில் ஓடியது ஆர்-12 என்ற காஸ். அது ஓசோன் படலத்தை அரிக்கும் வகையைச் சேர்ந்தது என்று 1974இல் விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1987 செப்டெம்பரில் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. 1989 டிசெம்பரில் இலங்கையும் அதில் சேர்ந்தது.

அதற்குப் பத்து மாதங்களின் பின், 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். எனக்கு அப்போது பதினான்கு வயது. வாப்பா சாவிகளைக் கொட்டிலின் வளையில் தொங்கவிட்டுவிட்டு வந்தார். வவுனியா வழியாகப் புத்தளம் போய்ச் சேர்ந்தோம். கிடுகு வேய்ந்த குடிசையில் இருந்து அவர் பிறகு கராஜ் போடவேயில்லை.

உலகம் ஆர்-12ஐ விட்டு ஆர்-134ஏ காஸுக்கு மாறியது அந்த ஆண்டுகளில்தான். 1995இல் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தொழில் பழகப் போனபோது இரண்டையும் கற்றேன். இரண்டுக்கும் எண்ணெய் வேறு, காஸ் ஏற்றும் வாய் வேறு. பழையதில் மரை, புதியதில் அழுத்திப் பொருத்தும் வாய். அந்த வாயைப் பார்த்தே வாகனம் எந்தக் காலத்தது என்று சொல்லலாம்.

வன்னியில் அப்போது பொருளாதாரத் தடை. எரிபொருளும் உதிரிப்பாகங்களும் இல்லை. மண்ணெண்ணெயில் கார்கள் ஓடின. ஏ.சி. உள்ள வாகனக்காரரும் எரிபொருளை மிச்சம் பிடிக்கப் பெல்ற்றைக் கழற்றி வைத்தார்கள். 1939இல் பெக்கார்ட்காரர் செய்ததும் அதுதான்.

போர் முடிந்து, 2011இல் நான் இரணைமடுவுக்குத் திரும்பினேன். வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். கொட்டில் இருந்த இடத்தில் வேறொரு வீடு. அங்கே கராஜ் இருந்ததைக் காட்ட என்னிடம் துண்டு ஒன்றும் இல்லை. வாடகை வாய்ப்பேச்சாக இருந்தது. மீள்குடியேற்றப் படிவத்தில் 'முன்னைய தொழில், இடம், அத்தாட்சி' என்ற கட்டத்தை வெறுமையாகத்தான் கொடுத்தேன். கொஞ்சம் தள்ளி வேறொரு கடை எடுத்து வேலையைத் தொடங்கினேன்.

ஒருநாள் வட்டக்கச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் பழைய வான் ஒன்றைக் கொண்டுவந்தார். 2002இல் பாதை திறந்தபோது வவுனியாவில் உறவினர் வீட்டில் விட்டதால் தப்பிய வாகனம்.

"நானா, அம்மாவைக் கிளினிக்குக் கொண்டுபோகோணும், வெக்கை தாங்கமாட்டா. காஸ் அடிச்சு விடுங்கோ, காணும்."

"ஓட்டையைப் பாக்காமல் அடிச்சா ஒரு மாசத்தில திரும்பி வருவியள் அண்ணை" என்றேன். அது வெறும் காசுப் பிரச்சினையல்ல. ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால் ஏறத்தாழ 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும்.

மரை வைத்த பழைய வாய். எண்ணெய், ட்ரையர், ரப்பர் வளையங்கள் எல்லாம் மாற்ற வேண்டும். கொம்பிறசரைக் கழற்றி, பிறக்கற்றைத் துடைத்தேன். மூலையில் 786.

கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். அவரிடம் காட்டினேன். அவர் வாங்கும்போதே அது இருந்ததாம், யார் செய்ததென்று தெரியாதாம். "என்ர வாப்பா செஞ்சது" என்றேன். அவர் குனிந்து எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். "சந்தியில ஒரு நானாட கராஜ் இருந்தது, நான் சின்னப் பொடியன். பூவரச மரத்துக்குக் கீழ" என்றார். நான் மரத்தைச் சொல்லியிருக்கவில்லை.

புதிய பிறக்கற் தருகிறேன், இதை எனக்குத் தாருங்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வெடிப்பு ஒன்றும் இல்லாத பிறக்கற்றை மாற்றினால் வாப்பா ஏசுவார். படம் எடுத்து, திகதி எழுதி, அந்த விவசாயி சொன்னதையும் அவருடைய சொல்லிலேயே எழுதி வைத்துக்கொண்டு, திரும்பப் பூட்டினேன்.

ஒவ்வொரு ஒக்டோபரிலும் நாம் வெளியேற்றத்தை நினைவுகூருகிறோம். அது வேண்டும். ஆனால் எங்கே என்ன தொழில் செய்தோம், யாருடைய வாகனத்தைத் திருத்தினோம், யாருக்கு உடுப்புத் தைத்தோம் என்பது பதியப்படாமல் ஆண்டுக்காண்டு கசிந்து போகிறது. ஓட்டையைப் பார்க்காமல் காஸ் அடிக்கிற வேலைதான் இதுவும். அயலவரின் நினைவிலும் அவர்கள் வீட்டுப் பொருள்களிலும் நம்முடைய சான்றுகள் இன்னும் இருக்கின்றன. தையற்காரர், இரும்புக்காரர், லொறிச் சாரதி என்று ஒவ்வொருவர் பிள்ளைகளும் தம் வாப்பாமாரின் வேலையை ஒரு பக்கமாவது எழுதி, முடிந்தால் படத்தோடு, பள்ளிவாசலிலோ நூலகத்திலோ சேர்க்க வேண்டும். என் பக்கம் இது.