அக்கானி, கள், வாற்றுச் சாராயம்: ஒரே மரம், இரண்டு சட்டம்



நியூசிலாந்தில் இருக்கும் என் தங்கையின் பேரன் போன வாரம் போனில் கேட்டான்: "பாட்டா, இங்க சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே சாராயம் வாற்றலாம், தப்பில்ல. ஊருக்கு வந்து நம்ம கருப்பட்டிய வச்சு கொஞ்சமா வாற்றினா கேஸ் ஆவுமா?"

அவன் சொன்னது சரிதான். அந்த நாட்டில் 1996 முதல் அதற்கு அனுமதி உண்டு, விற்றால்தான் குற்றம். இங்கே ஒரு குப்பி வாற்றினாலும் கேஸ்தான் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டால் அதற்கு ஒரு வரி போதாது. பதிவு கொஞ்சம் நீளம். பரீட்சை வைக்க மாட்டேன், பொறுமையாகப் படியுங்கள்.

பனையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி. தடவாவிட்டால் அதே சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள். கள்ளையோ, கருப்பட்டி கரைத்த ஊறலையோ காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் சாராயம். முதலாவது உணவு, மற்ற இரண்டும் குற்றம். நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

இது எப்போதும் ஒழுக்கப் பிரச்சினையாக இருந்ததில்லை. முதலில் இது கஜானா பிரச்சினை. திருவிதாங்கூர் அரசுக்கு அப்காரி பெரிய வருமானம். பிரிட்டிஷ் பக்கத்திலும் 1886-ல் மதராஸ் அப்காரிச் சட்டம் வந்தது. குத்தகை எடுத்தவன் விற்கலாம், பனை ஏறுகிறவன் தன் வீட்டில் காய்ச்சினால் அது அரசின் பணத்தைத் திருடியதற்குச் சமம். குடிப்பவனின் குடல் பற்றி அன்று யாரும் கவலைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகுதான் மனசாட்சி வந்தது. ராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். இன்று நாம் கடையில் கொடுக்கும் வரிக்கும் அந்த வரிக்கும் உறவுண்டு என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தபோது, மதுவிலக்கு நடந்துகொண்டிருந்த ஒரு மாநிலத்துக்குள் நாம் வந்தோம். கேரளம் 1967-ல் கொச்சி ராஜ்யத்தின் பழைய அப்காரிச் சட்டத்தை மாநிலம் முழுக்க விரித்தது. கொல்லம் ஆண்டு 1077-ல் போட்ட சட்டம், அதாவது 1902 வாக்கில். அதுதான் இன்றும் அங்கே நடப்பு. நம் பக்கம் 1937-ன் சட்டம். ஆகவே களியக்காவிளைக்கு அந்தப் புறம் ஷாப்பில் உட்கார்ந்து கள் குடிக்கலாம், இந்தப் புறம் அதே கள்ளை வைத்திருந்தால் குற்றம். சாராயத்தை மட்டும் கேரளமும் 1996 ஏப்ரல் 1 முதல் தடை செய்துவிட்டது.

நம் மாநிலம் தன் முடிவில் நின்றதும் இல்லை. 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். 92 வயது ராஜாஜி கலைஞரை நேரில் பார்த்து வேண்டாம் என்று கேட்டும் நடந்தது. 1974-க்குள் மூடினார்கள். 1981-ல் திறந்தார்கள். 1987-ல் மூடினார்கள். 1990-ல் மலிவு விலை மது, 1991-ல் அதுவும் போயிற்று.

இந்தத் திறப்புக்கும் மூடலுக்கும் நடுவே அகப்பட்டவர்களைத்தான் நான் நினைக்கிறேன். எழுபதுகளின் கடைசியில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரனான ஒரு பையன் இருந்தான். அப்பா பனையேற்றி. பனை ஓய்ந்த மாதங்களில் விளைக்குப் பின்னால் வாற்றுவார். ஒருநாள் ஊறல் பானையை உடைத்து, ஆளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அபராதத்துக்கு அம்மாவின் செயின் போனது. பையன் செங்கல் சூளைக்குப் போனான். நான் இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த ரோட்டிலேயே அரசு உரிமத்தோடு சாராயக் கடை திறந்தது. அவன் அப்பா செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கு எனக்கு இன்றும் உதைக்கிறது.

விஷயத்தின் இன்னொரு பக்கம் விஷம். பானையில் புளிப்பதில் உண்டாவது எத்தனால். ஆளைக் கொல்வது பெரும்பாலும் வெளியிலிருந்து கலக்கும் மெத்தனால், தொழிற்சாலைச் சரக்கு. அது உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணை எடுக்கும், பிறகு உயிரை. 1982 ஓணத்தில் வைப்பினில் 70-க்கு மேல் செத்தார்கள். அது உரிமம் பெற்ற கடையில் விற்ற சாராயம் என்பதை மறக்கக்கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேல். மணத்திலோ ருசியிலோ இரண்டையும் பிரித்தறிய முடியாது. குடித்தவனுக்குப் பார்வை மங்கினால், போலீசுக்குப் பயந்து வீட்டில் படுக்கவைக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து உண்டு, நேரம்தான் முக்கியம்.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு சட்டத்தை இறுக்கியிருக்கிறார்கள். கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். கேரளத்தில் சாராயம் காய்ச்சினால் 10 வருஷம் வரை சிறை. 'எனக்குக் குடிக்க மட்டும்' என்ற விலக்கு இரண்டு பக்கமும் கிடையாது.

நம்மூர் பனையேற்றியின் சங்கடம் தனி. அவன் விற்பது அக்கானிதான். ஆனால் சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்து, வெயிலும் ஏறிவிட்டால், மத்தியானத்துக்குள் கலயம் தானே புளிக்க ஆரம்பிக்கும். சைக்கிளில் அதைக் கட்டிக்கொண்டு வருகிறவனை நிறுத்தினால், காலையில் அது என்னவாக இருந்தது என்று அவன் எதைக் காட்டி நிரூபிப்பான்?