மலைக்கு மூத்த ஆறு

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில், மக்கென்சி மலைத்தொடரின் நடுவே, தென் நகானி என்னும் ஆறு பாய்கின்றது. 500 கிலோமீற்றருக்கும் மேல் நீளமான அவ்வாறு தென்கிழக்காக ஓடி லியார்ட் ஆற்றிற் கலக்கின்றது. லியார்ட் மக்கென்சியிற் சேர, மக்கென்சி ஆட்டிக் சமுத்திரத்தை அடைகின்றது.

மலை குறுக்கிட்டால் வளைந்து செல்வதே ஆற்றின் இயல்பு. நகானியோ மலையை ஊடறுத்துச் செல்கின்றது. காரணம் யாது? மலை எழுமுன்னரே ஆறு அங்கிருந்தது. சமநிலத்தில் நெளிந்தோடிய அது, நிலம் மெல்ல மெல்ல உயர்ந்தபோதும் தன் தடத்தை விடாது பாறையை அரித்துக்கொண்டே சென்றது. ஆதலினாலேயே, 1,000 மீற்றர் வரை ஆழ்ந்த செங்குத்துப் பள்ளத்தாக்குகளினுள்ளும் சமவெளி ஆற்றின் நெளிவுகள் காணப்படுகின்றன.

அப்பள்ளத்தாக்குகள் நான்கு. நீரோட்டத்தோடு வருவோர் முதலிற் காண்பது நான்காம் பள்ளத்தாக்கு. முதலாம் பள்ளத்தாக்கு இறுதியில் உள்ளது. எண்ணிட்டோர் கீழிருந்து நீரை எதிர்த்து மேலேறிய அந்நியர் என்பதற்கு இதுவே சான்று. தெனே மக்கள் நைலிச்சோ என வழங்கிய அருவி, நயாகராவைப் போல ஏறத்தாழ இருமடங்கு உயரமானது. 1928ஆம் ஆண்டில் அங்கு சென்ற பென்லி ஹண்டர் அதற்குத் தம் மகளின் பெயரைச் சூட்டினார்; வேர்ஜீனியா அருவி என்று உலகப் படங்கள் குறித்தன.

அந்நியரை ஈர்த்தது பொன்னாசை. பொன் தேடிச் சென்ற மக்லவுட் சகோதரர் இருவரின் தலையற்ற உடலெச்சங்கள் 1908இற் கண்டெடுக்கப்பட்டன. அவர்கள் மாண்ட விதம் இன்றுவரை துலங்கவில்லை. இறந்தோர் பள்ளத்தாக்கு என்ற பெயர் மட்டும் நிலைத்தது. ஆசை கொண்டோர் எதிர்பார்த்த பொற்குவியல் அகப்படவேயில்லை.

பின்னர் வேறோர் ஆசை எழுந்தது. அருவியின் வீழ்ச்சியை மின்சாரமாக மாற்றலாம் என்ற எண்ணம் 1960களில் வலுப்பெற்றது. 1970இற் பிரதமர் பியேர் துரூடோ தாமே அவ்வாற்றிற் படகேறிச் சென்று பார்த்தார். 1972இல் அரசு தேசியப் பூங்காவுக்கென நிலத்தை ஒதுக்கிற்று, அருவி பிழைத்தது. 1978இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டபோது, அதில் இடம்பெற்ற 12 இடங்களுள் நகானியும் ஒன்று.

ஆயினும் அன்று காக்கப்பட்டது ஆற்றின் இருமருங்கும் அமைந்த ஒடுங்கிய நிலமே. அருவியைக் காத்தோர், அதற்கு நீரூட்டும் கிளையாறுகளையும் மலைச்சரிவுகளையும் வெளியே விட்டனர். ஆறு என்பது தன் தடம் மாத்திரமன்று. அதற்கு நீர் வடியும் நிலம் முழுவதுமேயாகும். இவ்வுண்மை சட்டத்தில் ஏற 37 ஆண்டுகள் சென்றன. 2009இல், தெனே மக்களின் இசைவோடு, பூங்கா ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீற்றராக விரிந்தது. அப்போதும், பிரேரி கிறீக் என்னும் கனிய நிலம் பூங்காவின் நடுவே ஒரு தீவுபோல விலக்கப்பட்டது. அதன் நீரும் இறுதியில் நகானியையே சேர்கின்றது.

மலையெழுந்தும் தடம் மாறாத ஆற்றுக்கு, மனிதர் வரைந்த எல்லை ஒரு பொருட்டன்று. அவ்வெல்லைக்கு வெளியே கலக்கும் நஞ்சும் அதன் வழியே உள்ளே வரும். ஆகவே எல்லை வரைவோர், ஆற்றின் போக்கை முதலில் அறிந்திருத்தல் வேண்டும்.