இன்ஜினுக்கு மாலை: ரயில்வே ஆண்டுவிழாக்கள் குறித்துச் சில குறிப்புகள்

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு ரயில் நிலையத்தின் ஆண்டுவிழாவுக்குப் போயிருந்தேன். பழைய நீராவி இன்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். கைவிளக்கு, டிக்கெட்டில் தேதி குத்தும் மிஷின், டோக்கன் வளையம் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள். பக்கத்தில் நின்ற பெரியவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். “எவ்வளவு பெரிய மாலை பாத்தீங்களா தம்பி? எங்க ஆளுங்களுக்கு நாங்கதான் வாங்கிப் போட்டுக்கணும்” என்றார்.

‘எங்க ஆளுங்க’ என்று அவர் சொன்னது 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் போலீஸ் சுட்டுக் கொன்ற 5 தொழிலாளர்களை. அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி: ஒரு ரயில்வே தன் வயதை எந்த நாளிலிருந்து எண்ணுகிறது? அந்த நாளைத் தேர்ந்தெடுப்பது யார்?

இந்திய ரயில்வேயின் பிறந்தநாள் 1853 ஏப்ரல் 16, பம்பாய் – தாணா. தென்னகத்திற்கு 1856 ஜூலை 1, ராயபுரம் – வாலாஜா ரோடு. ஆனால் சென்னையை அடுத்த செங்குன்றத்தில் 1837இலேயே தண்டவாளம் இருந்தது. சாலை போடுவதற்கான கல்லைச் சுமந்தது அது. ‘முதல் பயணிகள் ரயில்’ என்று சொல்லும்போது ‘பயணிகள்’ என்ற ஒரே சொல் அந்தக் கல் வண்டியை ஓரங்கட்டிவிடுகிறது. கூடவே கல் உடைத்தவர்களையும் ஏற்றியவர்களையும். ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தவர் கவர்னர் ஹாரிஸ் பிரபு. திறப்பு நாள் என்பது எப்போதுமே திறந்துவைப்பவரின் நாள். மண் வெட்டியவனுக்கும் ஸ்லீப்பர் கட்டை சுமந்தவளுக்கும் தேதி கிடையாது. அவர்கள் வேலை முடிந்த பிறகுதான் வரலாறு தொடங்குகிறது.

தென்னிந்திய ரயில்வேக்கு வேறொரு காலக்கணக்கும் உண்டு. நாகப்பட்டினத்தில் இருந்த ஒர்க்‌ஷாப் 1920களின் பின்பகுதியில் திருச்சிக்கு அருகே பொன்மலைக்கு மாற்றப்பட்டது. ‘நவீனமயம்’ என்று கம்பெனி பெயர் வைத்ததைத் தொழிலாளி ஆட்குறைப்பு என்று வாசித்தான். 1928 ஜூலையில் வேலைநிறுத்தம். அதில் கைதாகித் தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவரான சிங்காரவேலருக்கு அப்போது வயது 68. இன்னொருவர் முகுந்தலால் சர்க்கார்.

1946 நம்மை இன்னும் சங்கடப்படுத்தக்கூடியது. செப்டம்பர் 2 அன்று டில்லியில் நேருவின் இடைக்கால அரசு பதவியேற்றது. சென்னையில் பிரகாசம் தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை. மூன்றாம் நாள் பொன்மலையில், வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. வெள்ளைக்காரன் சுட்டான் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. தேசத்தின் பெருங்கதையாடலுக்குள் இந்த நாள் சரியாக உட்கார மறுப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். சங்கங்கள் வருஷாவருஷம் அங்கே அஞ்சலி செலுத்துகின்றன. ஊருக்கோ செப்டம்பர் 5 ஆசிரியர் தினம்.

இதோடு முடித்துவிட்டால் அதிகாரத்தின் நாட்காட்டிக்குப் பதில் நம்முடைய நாட்காட்டியை மாட்டுகிறோம், அவ்வளவுதான். நம்முடையதிலும் விடுபடல் உண்டு. தென்னிந்திய ரயில் நிலையங்களின் உணவுச்சாலைகளில் ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்று தனித்தனியே இடம் ஒதுக்கியிருந்தார்கள். பெரியாரும் அவரது இயக்கத்தினரும் தொடர்ந்து எதிர்த்ததால் 1941இல் அது ஒழிந்தது. ஒரே வண்டியில் வந்து இறங்கியவர்களைப் பலகை போட்டுப் பிரித்த காலம் முடிந்த வருஷம் அது. ரயில் விழா அழைப்பிதழ் எதிலும் அதை நான் கண்டதில்லை. நான் போன தொழிற்சங்கக் கூட்டங்களிலும் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. கூலியைப் பேசிய நாம், கூலி வாங்கியவன் எந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டான் என்று கேட்க மறந்தோம்.

பாரம்பரியம் என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். நீலகிரி மலை ரயிலை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம்தான். அந்த மலையில் ஏறுவதற்குப் புதிய நீராவி இன்ஜின்களைச் செய்துகொடுத்தது எந்த ஊர்? இதே பொன்மலை, 2011 முதல். நீராவி யுகம் முடிந்த பிறகும் பாய்லரை அளந்து, ஆணி முடுக்கி, பல்சக்கரத்தைப் பொருத்தத் தெரிந்த கைகள் அங்கே இருந்திருக்கின்றன. வாய் வார்த்தையாலும் கைப்பழக்கத்தாலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்த அறிவு அது. இன்ஜினைப் பாரம்பரியம் என்கிறோம். அதைச் செய்யும் கையை ‘பணியாளர் எண்ணிக்கை’ என்கிறோம். இன்ஜின் பேசாது, சங்கம் சேராது என்பதால் மாலை போடுவதில் சிரமம் இல்லை.

அப்படியானால் செப்டம்பர் 5ஐயும் அரசு விழாவாக்கக் கேட்கலாமா? எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. மந்திரி வந்து மலர்வளையம் வைத்த மறுநாளே, சுட்டது யார் என்ற கேள்வி மரியாதைக்குறைவு ஆகிவிடும். அதைவிட அவசரமான வேலை வேறு இருக்கிறது. அந்தப் பெரியவரிடம் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறதாம். சஸ்பெண்ட் ஆர்டர், சங்கச் சந்தா ரசீது, 1974 மே வேலைநிறுத்தத்தின்போது அச்சடித்த துண்டுப் பிரசுரம். “பேரன் எடைக்குப் போடச் சொல்றான்” என்று சிரித்தார். இப்படி எத்தனை பெட்டிகள் பொன்மலையிலும் போத்தனூரிலும் பெரம்பூரிலும் பரண்மேல் கிடக்கும்? இதைப் படிக்கும் தோழர்கள் வீட்டில் ரயில்வே ஆள் யாராவது இருந்தால், அடுத்த முறை போகும்போது பரணில் ஏறிப் பாருங்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எந்தத் தாள் எதற்கு என்று கேட்டு எழுதி வையுங்கள்.